கடல் கடந்து, மலை ஏறி வந்த மெஷின்கள்! - பெரியாறு அணைக்குச் சாமான் போன பாதை

பொங்கல் வாரம் வந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் சூரியனுக்கு வைக்கும் பொங்கலோடு இன்னொரு பொங்கலும் சேர்ந்துகொள்ளும். ஜனவரி 15, ஜான் பென்னிகுவிக்கின் பிறந்தநாள். 1841-ல் புனேயில் பிறந்த அந்த ஆங்கிலேய இன்ஜினீயருக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. பாலார்பட்டி போன்ற கிராமங்களில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். டீக்கடைகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவர் படம் தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு.

அவரைப் பற்றிய ஒரு கதை தேனி மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாதி கட்டிய அணை வெள்ளத்தில் போய்விட்டது, அரசாங்கம் பணம் தர மறுத்தது, மனுஷன் மனைவியின் நகைகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது அந்த வாய்வழிக் கதை.

பணத்தைப் பற்றிய கதை இவ்வளவு பிரபலம். ஆனால், இன்னொரு கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. பாறையைத் துளைக்கும் மெஷின்களும், இன்ஜின்களும், இரும்புக் கம்பிவடங்களும் 1887-ல் யானை நடமாடும் அந்த அடர்காட்டுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தன? கம்பம் வரை ரயில் இல்லை. மோட்டார் லாரி என்ற ஒன்றே அப்போது கிடையாது. கட்ட வேண்டிய இடமோ வேறொரு சமஸ்தானத்தின் மண்.

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் அணையின் பாதிக் கதை இருக்கிறது. கனரக இயந்திரங்களை எல்லை தாண்டி அனுப்பும் இன்றைய தொழிலின் பாடமும் அதிலேயே இருக்கிறது.

மலை மாறவில்லை, பாதை மாறியது!

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பி வைகைக்குக் கொண்டுவரலாம் என்ற யோசனை பென்னிகுவிக்குடையது அல்ல. 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்துஇருளப்ப பிள்ளை அதற்காக ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி இடத்தைப் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிக்கொடுத்தார்.

1808-ல் நடக்காதது, 1887-ல் எப்படி நடந்தது? இந்த எண்பது வருஷத்தில் மலை உயரம் குறையவில்லை. மழையும் குறையவில்லை. மாறியதெல்லாம் உலகம் சாமான் அனுப்பும் விதம்தான்.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. இங்கிலாந்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிவர வேண்டிய அவசியம் போனது. 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. அந்தப் பாதையில் அம்மையநாயக்கனூர் என்று ஒரு ஸ்டேஷன். இன்று நாம் கொடை ரோடு என்று சொல்கிற ஊர். அமுக்கிய காற்றின் விசையால் பாறையைத் துளைக்கும் பொறிகளும் அந்தக் காலகட்டத்தில்தான் உலகச் சந்தைக்கு வந்திருந்தன.

கப்பல், ரயில், துளைப்பொறி மூன்றும் கூடிவந்த பிறகுதான் நூறு வருஷக் கனவுக்குக் கை கால் முளைத்தது. 1882-ல் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. 1887-ல் வேலை தொடங்கியது.

எது உள்ளூர், எது வெளியூர்?

அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்த கட்டுமானம். சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லை இடித்த பொடி. கல் அங்கேயே கிடைத்தது. சுண்ணாம்புக்கல்லை மலையடிவாரத்துக் குருவனூத்துப் பக்கம் வெட்டினார்கள். ஆக, எடையில் பெரும்பகுதி உள்ளூர்ச் சரக்குதான்.

ஆனால், அணை கட்டினால் மட்டும் தண்ணீர் கிழக்கே வராது. நடுவில் நிற்கும் மலையைக் குடைய வேண்டும். பாறையில் குடைந்த சுரங்கத்தின் நீளம் சுமார் 5,700 அடி. கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் கிலோமீட்டர். உளியும் சுத்தியலும் மட்டும் வைத்துக்கொண்டு அதை முடிக்க எத்தனை வருஷம் ஆகுமோ! அதற்குத்தான் காற்றை அமுக்கும் இயந்திரமும், அதனால் இயங்கும் துளைப்பொறிகளும், வெடிமருந்தும் தேவைப்பட்டன. இவை எதுவும் மதுரைச் சந்தையில் கிடைக்காது. கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

இங்கேதான் கனரக இயந்திரப் போக்குவரத்தின் அடிப்படைச் சங்கடம் வருகிறது. ஆயிரம் மூட்டை அரிசியை ஆயிரம் பேர் சுமக்கலாம். இரண்டு டன் இரும்பு ஒரே துண்டாக இருந்தால் ஆயிரம் பேர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதைத் தாங்கும் வண்டி, அந்த வண்டியைத் தாங்கும் பாலம், திரும்ப இடம் தரும் வளைவு எல்லாம் வேண்டும். மொத்தம் எத்தனை டன் என்பதைவிட, பிரிக்க முடியாத ஒற்றைத் துண்டு எவ்வளவு கனம், எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி. அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

ரயில், மாடு, கம்பி, படகு

அம்மையநாயக்கனூரில் ரயிலிலிருந்து இறங்கிய சாமான், கூடலூர் வரை மாட்டு வண்டியில் வந்தது. வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, உத்தமபாளையம், கம்பம் என்று நூறு கிலோமீட்டருக்கும் மேல். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். அந்தக் கணக்கில் சாதாரணப் பாரத்துக்கே நான்கைந்து நாள் ஆகும். மழைக்காலத்தில் ஓடைகளில் தண்ணீர் வந்துவிட்டால், வடியும் வரை கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

கூடலூரைத் தாண்டினால் மலை. அடிவாரத்திலிருந்து தேக்கடிக்கு ஆயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். மலைப்பாதையில் மாடுகளால் இழுக்க முடிந்தது கொஞ்சம்தான். அதனால் சரக்கை ஏற்ற ஒரு கம்பிவடப் பாதை போட்டார்கள். இன்று பழனி மலையில் பார்க்கிற ரோப் கார் போல, ஆனால் ஆளுக்குப் பதில் சாமான் ஏறிப்போகும் பாதை. குருவனூத்துச் சுண்ணாம்பும் இந்த வடத்தில்தான் மேலே போனது.

தேக்கடியிலிருந்து அணை கட்டும் இடம் இன்னும் பல கிலோமீட்டர் காட்டுக்குள் இருந்தது. ரோடு போடுவதைவிடத் தண்ணீரில் போவது சுலபம் என்று முடிவு செய்து, நீரோட்டத்தைப் படகு போகும்படி சீர்படுத்தினார்கள். கடைசிக் கட்டம் படகுப் பயணம்.

கணக்குப் பாருங்கள். ஒரு துளைப்பொறி இங்கிலாந்துத் தொழிற்சாலையை விட்டால் கப்பல், ரயில், மாட்டு வண்டி, கம்பிவடம், படகு என்று எத்தனை முறை ஏற்றி இறக்கப்பட வேண்டும்! சரக்குத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சேதாரம் ஓடும்போது வருவதைவிட, ஏற்றி இறக்கும்போது வருவதுதான் அதிகம். ஒரு உதிரிபாகம் உடைந்தால் மாற்று வர மறுபடி கடல் தாண்ட வேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் வேலைத்தளத்திலேயே பட்டறை, தச்சர், கொல்லர் என்று ஓர் ஊரையே அமைத்தார்கள். ஆற்றைத் தற்காலிகமாகத் தடுக்கும் மர வேலைகளுக்குக் கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தார்கள். மெட்ராஸ் பயனியர்ஸ் படையின் முதலாம், நான்காம் பட்டாலியன் வீரர்களும் வேலையில் இருந்தார்கள்.

அணையைப் பார்த்து வியக்கிறோம். அணைக்கு முன்பே கட்டப்பட்ட அந்தப் பாதை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பென்னிகுவிக் முதலில் கட்டியது பாதையைத்தான்.

ஆளைத் தின்ற காடு

பாதையில் போன சாமானுக்காவது கணக்குப் புத்தகம் இருந்தது. அதைச் சுமந்து போனவர்களுக்கு? மலேரியாவும் மற்ற நோய்களும் வேலைத்தளத்தை விடாமல் துரத்தின. நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அணைக்கு வடக்கே உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவர்களைப் புதைத்தார்கள். இந்த எண்ணிக்கை வேலைத்தளத்தில் இறந்தவர்களுடையது. காய்ச்சலோடு வீடு திரும்பி இறந்தவர்களை யார் எண்ணினார்கள்?

1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பெரியாற்றுத் தண்ணீர் கிழக்கே பாய்ந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்கள் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன.

வரியில்லா எல்லை

இன்னொரு விஷயம். கூடலூர் பிரிட்டிஷ் இந்தியா. தேக்கடி திருவிதாங்கூர் மகாராஜாவின் நாடு. மலை ஏறிய ஒவ்வொரு சாமானும் ஒரு எல்லையைத் தாண்டியது.

1865-லேயே பிரிட்டிஷ் இந்திய அரசும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களும் வணிக ஒப்பந்தம் செய்து, தங்களுக்கு இடையிலான சுங்கவரித் தடைகளைப் பெரும்பாலும் விலக்கியிருந்தன. அதன் பிறகு 1886 அக்டோபர் 29-ல் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய், மொத்தம் 40,000 ரூபாய், 999 வருஷம். 1887-ல் வேலை தொடங்கியபோது காகித வேலை முடிந்திருந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் எல்லை, அடுத்தது ஒப்பந்தம், அதன் பிறகே மெஷின்.

இன்றைக்கு இந்த வரிசையை மாற்றிப் போட்டுவிட்டுத்தான் பலர் துறைமுகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டம் சொல்லும் மாட்டு வண்டி வேகம்

தேனி, ஆண்டிப்பட்டி வட்டாரத்தில் ஸ்பின்னிங் மில்கள் இருக்கின்றன. கம்பம் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. மில் மெஷின், காற்றாலை பாகம், மண் அள்ளும் இயந்திரம் என்று கடல் தாண்டி வரும், போகும் கனரகச் சரக்கு இப்போதும் உண்டு. பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி. காற்றாலை இறக்கைகளைக் கையாள்வதில் வ.உ.சி. துறைமுகத்துக்குத் தனிப் பெயர் இருக்கிறது. 81.5 மீட்டர் நீளமுள்ள இறக்கைகளே அங்கிருந்து கப்பலேறியிருக்கின்றன. ஓர் இறக்கை, ஏழு பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம்!

இப்படிப்பட்ட சரக்கு மூன்று விதமாகக் கப்பலேறும். சக்கரத்திலோ செயின் பட்டையிலோ தானே நகரும் மெஷின் என்றால், கார் கப்பல் போன்ற 'ரோ-ரோ' கப்பலுக்குள் ஓட்டியே போய்விடலாம். பக்கச்சுவரும் கூரையும் இல்லாத 'பிளாட் ராக்' கன்டெய்னரில் வைத்துச் சங்கிலியால் கட்டி அனுப்புவது இரண்டாவது வகை. எதிலும் அடங்காததைத் தனிச் சரக்காகக் கிரேனில் தூக்கிக் கப்பலின் வயிற்றில் வைப்பது மூன்றாவது. சாதாரணக் கன்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர்தான். நம் ஊர்த் தெருக்களில் ஓடும் பேக்ஹோ இயந்திரம்கூட, கேபின் உயரம் இடிப்பதால் கழற்றாமல் அதற்குள் நுழையாது.

கப்பலிலிருந்து இறங்கிய பிறகுதான் ஆச்சரியம். நம் நாட்டில் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகர்ந்தால் இ-வே பில் வேண்டும். சாதாரண லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. ஆனால், அளவுக்கு மீறிய ஒற்றைச் சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள்! தூத்துக்குடியிலிருந்து தேனிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் என்றால், சட்டமே பத்து நாள் கொடுக்கிறது.

இருபது கிலோமீட்டர். அம்மையநாயக்கனூர் மாட்டு வண்டியின் அதே வேகம்! நூற்று முப்பது வருஷத்துக்கும் மேலாகியும் பெரிய இரும்பின் நடை மாறவில்லை என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது போலிருக்கிறது. காரணம் எளிது. அத்தகைய லாரிக்கு முன்னால் ஓர் ஆள் போய் மின்கம்பி உயரம் பார்க்க வேண்டும், பாலம் தாங்குமா என்று பார்க்க வேண்டும், ஊர்களுக்குள் இரவில்தான் போக முடியும். மலைப்பாதை என்றால் கொண்டை ஊசி வளைவில் நீளமான டிரெய்லர் திரும்புமா என்று முன்கூட்டியே அளந்துவிட வேண்டும்.

ரயில் இருந்தாலாவது சுமை குறையும். தேனி வழியாக போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான். இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துப் போனார்கள். 1950-களில் மீண்டும் போட்டார்கள். அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில், 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் திரும்ப வந்தது. கூடலூருக்கு இன்னும் வரவில்லை.

மெஷின் வாங்குபவர்கள், அனுப்புபவர்கள் கவனத்துக்கு...

* விலைக்கு முன் அளவு: நீளம், அகலம், உயரம், எடை, எதையெல்லாம் கழற்றலாம் என்ற ஐந்தும் கையில் இல்லாமல் விலை பேசாதீர்கள். சில சென்டிமீட்டர் வித்தியாசத்தில் சாதாரணக் கன்டெய்னர் பிளாட் ராக் ஆகிவிடும், வாடகையும் எகிறிவிடும்.

* ஆபத்து யார் தலையில்? சி.ஐ.எஃப். விலை என்றால் கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் விற்பவர் கட்டுவார். அதனால், சரக்கு நம் துறைமுகம் வரும்வரை அவர் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவருடைய துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே ஆபத்து வாங்குபவருடையதாகிவிடும். இன்ஷூரன்ஸ் எதற்கெல்லாம் பணம் தரும் என்று முழுசாகப் படியுங்கள்.

* அடுத்தவன் கப்பல் நின்றாலும் நமக்குச் செலவு: 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றது ஞாபகம் இருக்கும். அதை மீட்ட செலவில், அந்தக் கப்பலில் சரக்கு வைத்திருந்தவர்களும் பங்கு கொடுக்க வேண்டும் என்று கப்பல் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். கடல் வணிகத்தின் பழைய நியதி அது. இன்ஷூரன்ஸ் இல்லாதவர் சொந்தப் பணத்தைக் கட்ட வேண்டும்.

* பழைய மெஷினா? வெளிநாட்டிலிருந்து பழைய இயந்திரம் கொண்டுவந்தால், அதன் வயது, நிலை, மதிப்பைச் சொல்லும் சார்ட்டர்டு இன்ஜினீயர் சான்றிதழைச் சுங்கத் துறை கேட்கும். கப்பல் கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

* மண்ணைக் கழுவுங்கள்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் மெஷினின் செயின் பட்டையில் ஒட்டிய மண், விதை இருந்தாலே நிறுத்திவிடுவார்கள். சரக்குக்கு அண்டை கொடுக்கும் மரக்கட்டைகூட, பூச்சி போக வெப்பமூட்டியதற்கான முத்திரையோடு இருக்க வேண்டும்.

* கடைசி பத்து கிலோமீட்டர்: கடலில் ஆயிரம் மைல் தாண்டிய சரக்கு, மில் வாசலில் இருக்கும் சின்னப் பாலத்தில் நின்றுவிடும். பாதையைப் பின்னாலிருந்து முன்னால் பாருங்கள். இறக்கும் இடத்தை முதலில் அளந்துவிட்டு, அங்கிருந்து துறைமுகத்தை நோக்கி வாருங்கள்.

நின்றுபோன லாரிகள்

கடைசி பத்து கிலோமீட்டர் எவ்வளவு கடினம் என்பதற்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டாம். பெரியாறு அணையே போதும்.

இன்று அணைக்குப் போக இரண்டு வழி. தேக்கடியிலிருந்து படகு, அல்லது வண்டிப்பெரியாறு, வள்ளக்கடவு வழியாகக் காட்டுப் பாதை. இரண்டும் கேரளாவில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அணையை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. ஆக, ஒரு மூட்டை சிமென்ட் போக வேண்டுமானாலும் இன்னொரு மாநிலத்தின் வனத்துறை வாசலைத் தாண்ட வேண்டும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பராமரிப்பு வேலைக்கு மணல் கொண்டுபோன தமிழ்நாட்டு லாரிகள் வள்ளக்கடவு சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டன. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். சில நாட்கள் கழித்து நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநில எல்லைகளில் வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன; இருந்தும் மணல் போகவில்லை. 1865-ல் வரியை நீக்கினார்கள், 2017-ல் மறுபடி நீக்கினார்கள். வரி போனாலும் எல்லை போவதில்லை.

அணைக்குப் போகத் தமிழ்நாடு வாங்கிய 'தமிழன்னை' படகு, கேரளத்தின் அனுமதிக்காகப் பல வருஷம் தேக்கடியில் காத்துக் கிடந்தது. 2000-ல் யானை ஒன்று மின்கம்பியில் அடிபட்டு இறந்த பிறகு துண்டிக்கப்பட்ட மின்சாரம், அணைக்குத் திரும்ப வந்தது 2021-ல்தான். பேபி அணையைப் பலப்படுத்த இடைஞ்சலாக இருக்கும் மரங்களில் பதினைந்தை வெட்ட 2021 நவம்பரில் கிடைத்த அனுமதி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1979-ல் குஜராத்தின் மோர்பியில் அணை உடைந்து ஊரே அழிந்த செய்திக்குப் பிறகு, வண்டிப்பெரியாறிலும் இடுக்கியிலும் அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள் ஒவ்வொரு மழைக்கும் பயப்படுகிறார்கள். அணை பலமாக இருக்கிறது, 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வழக்கை முடிக்கலாம், பயத்தை முடிக்காது. புலிகள் காப்பகத்துக்குள் லாரிகளை இஷ்டத்துக்கு விட முடியாது என்பதும் நியாயமான பேச்சு.

ஆனால், ஒன்றை இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும். அணை பலமாக இருப்பது தண்ணீர் வாங்கும் கூடலூர்க்காரருக்கு எவ்வளவு முக்கியமோ, அதைவிட முக்கியம் அணைக்குக் கீழே தூங்கும் வண்டிப்பெரியாறுக்காரருக்கு. பராமரிப்புச் சாமானை நிறுத்தினால், பயப்படுபவரின் பயம்தான் கூடும். புது அணை வேண்டும் என்பவர்களும், இருக்கும் அணையே போதும் என்பவர்களும், இன்றைக்கு நிற்கும் அணை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில் வேறுபட முடியாது.

அதற்கு வழி, கப்பல் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். வருஷத் தொடக்கத்திலேயே என்னென்ன வேலை, எத்தனை லாரி, என்ன மெஷின், எந்த மாதம் என்று பட்டியல் போட்டு, மேற்பார்வைக் குழுவின் முன்னிலையில் இரு மாநிலமும் ஒரே முறை கையெழுத்துப் போட்டுவிடலாம். யானை நடமாடும் நேரம் தவிர்த்து, எடை பார்த்து, வனத்துறை ஆள் கூடவே போகட்டும். பட்டியலில் இருப்பது போகும், இல்லாதது நிற்கும். சாவடியில் நிற்கும் டிரைவருக்கும், அவரை நிறுத்தும் வனக் காவலருக்கும் அது எவ்வளவோ நிம்மதி.

நீராவிக் கப்பலும் மாட்டு வண்டியும் கம்பிவடமும் வைத்துக்கொண்டு, ஒரு தேசத்தின் மெஷினை இன்னொரு சமஸ்தானத்தின் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். எல்லைக் காகிதத்தை முதலில் முடித்துவிட்டதால் அது நடந்தது. தண்ணீர் கிழக்கே வர 999 வருஷத்துக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத் தாங்கும் சுவருக்கு ஒரு லோடு மணல் போக, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.